கோழி வேகனுக்கு வலை கட்டுவது எப்படி? மாட்டு வேகனைத் தலையில் கட்ட வருபவர்களிடம் கவனம்!

கேள்வி: 1930களின் அமெரிக்க நியூயார்க் சென்ட்ரல் ரயில்பாதையை எச்ஓ ஸ்கேலில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவுள்ள மாடலாக) வீட்டு மாடியில் அமைத்து வருகிறேன். உயிருள்ள கோழிகளை ஏற்றிச் சென்ற வேகன் ஒன்றை மரக் கிட்டிலிருந்து (பாகங்களாக வரும் பெட்டியிலிருந்து) கட்டத் தொடங்கினேன். பக்கவாட்டு வலை தொய்ந்துபோகிறது. சூப்பர் குளூ வைத்தால் வலைக் கண்ணெல்லாம் அடைத்து வெள்ளை படிகிறது. இதற்கிடையில் ஒருவர் ‘ரெடிமேட் கோழி வேகன்’ தருகிறேன் என்கிறார். படத்தில் மரச்சட்டங்கள்தான் தெரிகின்றன, வலையைக் காணோம். கிட்டை ஓரம் வைத்துவிட்டு அதை வாங்கிவிடலாமா? உள்ளே எத்தனை கோழி வைக்க வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: வாங்காதீர்கள். வலை இல்லை, சட்டம் மட்டும் இருக்கிறது என்கிறீர்களே, அது மாட்டு வேகன். பக்கத்தில் ‘கோழி’ என்று எழுத்து ஒட்டிவிட்டால் அது கோழி வேகன் ஆகிவிடாது. உங்கள் கிட்டில் கோளாறு எதுவும் இல்லை. வலையும் பசையும்தான் தவறானவை. இரண்டுக்குமான சாமான் உங்கள் ஊரிலேயே கிடைக்கிறது. அதற்கு முன் இந்த ரெடிமேட் விவகாரத்தைப் பேசி முடித்துவிடுவோம். பணம் போவது அங்கேதான்.

உயிர்க்கோழிக்கென்று தனி வேகன் என்ற யோசனைக்கு 1884இல் காப்புரிமை வாங்கியவர் வில்லியம் ஜென்கின்ஸ். அந்த வேகனின் சுவரே கம்பிவலைதான். தரையிலிருந்து கூரை வரை கூண்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நடுவில் குறுகலான ஒரு கதவு. அதற்குள் கோழிகளோடு பயணம் செய்யும் பராமரிப்பாளருக்கு ஒரு சிற்றறை, படுக்கை, குளிருக்கு அடுப்பு. அடுப்பின் புகைக்குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்த் தொட்டி மேலே, தீவனப் பெட்டிகள் தரைக்கு அடியில். ஒரு வேகனில் நாலாயிரம், ஐயாயிரம் கோழி வரை போகும். மாட்டு வேகனில் இது எதுவுமே கிடையாது. இடைவெளி விட்ட பலகைகள், அகலமான தள்ளுகதவு, உள்ளே வெறும் தரை, அவ்வளவுதான். ஆகவே விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: ஒன்று கூரையை மேலிருந்து, இன்னொன்று வேகனைக் கவிழ்த்து. கூரையில் புகைக்குழாயும் அடியில் தீவனப் பெட்டியும் இல்லையென்றால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். பக்கத்தில் ‘நியூயார்க் சென்ட்ரல்’ என்று ரயில்வேயின் பெயரையே பெரிதாக ஒட்டி, ‘உங்கள் லேஅவுட்டுக்குப் பொருத்தமாகச் செய்தது’ என்பார்கள். இந்த வேகன்கள் ரயில்வேக்குச் சொந்தமானவை அல்ல. லைவ் போல்ட்ரி டிரான்ஸ்போர்ட்டேஷன், பேலஸ், லைவ் போல்ட்ரி டிரான்சிட் போன்ற தனியார் கம்பெனிகள் வைத்திருந்து வாடகைக்கு விட்டவை. எழுத்தும் அந்தக் கம்பெனியின் பெயரில்தான் இருக்க வேண்டும். சிலர் லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனி 1950களின் கடைசியில் விற்ற ‘போல்ட்ரி டிஸ்பாட்ச்’ வேகனை ஆதாரமாகக் காட்டுவார்கள். அது எச்ஓவைவிடப் பெரிய ஓ கேஜ் அளவிலான பொம்மை. மாட்டு வேகன் உடலுக்குள் விளக்கைப் போட்டு, கோழிப் படம் அச்சிட்ட பட்டையை வைத்தது. சிறுவர்களுக்காகச் செய்த நல்ல பொம்மை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிஜ வேகனுக்கு அது ஆதாரம் ஆகாது.

இதைச் சொன்னவுடன் விற்பவர் ஒரு பதிலோடு வருவார்: “மாட்டு வேகனிலும் கோழி போயிருக்கிறதே!” போனது உண்மை. இந்த ஒரு விதிவிலக்கை வைத்தே பலரை மடக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு வேகன் நிறையும் அளவுக்குக் கோழி இல்லாத சிறு ஊர்களில், மரக்கூண்டுகளில் அடைத்து எக்ஸ்பிரஸ் பெட்டியிலோ சாதாரண மூடு வேகனிலோ மாட்டு வேகனிலோ ஏற்றி விடுவதுண்டு. அங்கே கோழி இருந்தது கூண்டுக்குள். வேகன் வெறும் கூடுதான். அந்தக் காட்சியை நீங்கள் வைக்க விரும்பினால் மாட்டு வேகன் சரிதான். ஆனால் அதை மாட்டு வேகன் விலைக்கு வாங்கி, கூண்டுகளை நீங்களே செய்து உள்ளே அடுக்க வேண்டும். எச்ஓவில் ஒரு அடி என்பது 3.5 மிமீ. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி உயரமுள்ள கூண்டு 10.5 × 7 × 3.5 மிமீ ஆகும். மெல்லிய மரக்குச்சியில் பத்துப் பதினைந்து கூண்டு செய்து கதவோரம் அடுக்கினால் போதும், பின்னால் இருப்பவை கண்ணுக்குத் தெரியாது. கூண்டே இல்லாத காலி மாட்டு வேகனைக் ‘கோழி வேகன்’ என்று இரட்டை விலைக்கு விற்பதற்கு இந்த விதிவிலக்கில் இடமே இல்லை. அவர் இதைச் சொன்னால் “கூண்டு எங்கே?” என்று கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவித்துத் தரும் தரகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு சேர்த்து 9503 என்ற தலைப்பில் கிடக்கின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. மலிவுப் பொம்மை இறக்குமதியைத் தடுக்கப் போட்ட வரி, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு வேகன் கட்டுகிறவர் தலையிலும் விடிகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருட்களைப் பற்றியது. ஆகவே கிட்டின் பெட்டியில் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டால் எடுத்துக்காட்ட அந்த வாசகம் உதவும். ‘கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்கிறேன்’ என்கிற தரகரை நம்ப வேண்டாம், பரிசுப் பார்சலுக்கான வரிச்சலுகை 2019 டிசம்பரோடு முடிந்தது. ‘வரியெல்லாம் கட்டிவிட்டேன்’ என்று விலையை ஏற்றுபவரிடம் சுங்க ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் அவர் சொல்லும் வரி அவர் பைக்குப் போகிற பணம்.

இனி வலை. கிட்டோடு வரும் வலையைத் தூக்கி வைத்துவிடுங்கள். கல்யாணப்பெண் முக்காட்டுத் துணியும் கொசுவலையும் வேண்டாம். அவற்றின் கண் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். நிஜத்தில் அது ஒன்பது சென்டிமீட்டர் ஓட்டை, கோழி தலையோடு வெளியே வந்துவிடும். உலோகச் சல்லடை வாங்கினால் கண் அளவு சரியாக அமைந்தாலும் கம்பி தடித்துப்போகும். 0.2 மிமீ கம்பி நிஜத்தில் 17 மிமீ, கிட்டத்தட்ட விரல் கனம்.

உங்களுக்கு வேண்டியது ஸ்கிரீன் பிரிண்டிங் துணி. பாலியெஸ்டர் ஒற்றை இழையில் நெய்தது, சென்டிமீட்டருக்கு 32 இழை. பனியன் பிரிண்டிங் நடக்கும் உங்கள் ஊரில் இதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. இழைக்கு இழை 0.31 மிமீ வருவதால் நிஜத்தில் சுமார் ஓரங்குலக் கண் ஆகிறது. கடையில் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: எண் சென்டிமீட்டர் கணக்கா, அங்குலக் கணக்கா? அங்குலக் கணக்கில் இதே துணி 80 ஆகும். அங்குலக் கணக்கில் 32 என்பதை வாங்கி வந்தால் கண் இரண்டரை மடங்கு பெரிதாகிவிடும்.

துணியை மீட்டராக வாங்காமல், பிரிண்டிங் கடையிலேயே மரச் ஃபிரேமில் இழுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். தொய்வுப் பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்தது. ஆனால் பிரிண்டிங்குக்குக் கட்டுகிற விறைப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த விறைப்பில் உங்கள் மெல்லிய மரச்சட்டத்தை ஒட்டிக் காய்ந்தபின் அறுத்தெடுத்தால், துணி சுருங்கி இழுக்கச் சட்டம் நடுவில் வளைந்துவிடும். விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும் பதம் போதும். இழைகள் சட்டத்தின் விளிம்புக்கு நேராக ஓட வேண்டும். கோணலாக வெட்டிய துணி இரண்டு வாரத்தில் தானாகவே தொய்யும்.

வெள்ளைத் துணியை அப்படியே ஒட்டாதீர்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால் உள்ளே இருப்பது தெரியாது, வேகன் துணி போர்த்தியது மாதிரி நிற்கும். இருண்ட நிறமானால் வலை கண்ணிலிருந்து மறைந்து கூண்டு தெரியும். பிரஷ்ஷால் பெயின்ட் அடித்தால் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு படலம் நின்றுவிடும். ஃபிரேமில் இருக்கும்போதே கறுப்பு மார்க்கர் மையை ஆல்கஹாலில் கரைத்துப் பஞ்சால் இரண்டு பக்கமும் துடையுங்கள். ஏர்பிரஷ் இருந்தால் மிகவும் நீர்த்த கரும்சாம்பலை இரண்டடி தள்ளி நின்று தூவலாம்.

பசை விஷயத்தில், சூப்பர் குளூ தண்ணீரைவிடச் சற்றே கெட்டி. இழைகளுக்கிடையில் தானே ஏறிப் பரவிவிடும். அதன் ஆவிதான் நீங்கள் பார்த்த வெள்ளைப் படிவு. வெள்ளைப் பசையும் கூடாது, அதிலுள்ள தண்ணீரை மரம் குடித்துச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் போடும் ரப்பர் பசையைப் பல்குச்சியால் சட்டத்தின் உட்புறத்தில் மட்டும் மெல்லத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு சட்டத்தைத் துணிமேல் வைத்து அழுத்துங்கள். மேலே கண்ணாடித் துண்டும் பாரமும் வைத்து ஒரு நாள் விட்டு, புது பிளேடால் அறுத்தெடுங்கள். சட்டத்துக்குப் பெயின்ட் அடிப்பதும் எழுத்து ஒட்டுவதும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வலை ஏறிய பிறகு பிரஷ் பக்கத்தில் போகக் கூடாது.

பக்கங்களை மூடுவதற்கு முன் உள்ளே எட்டு அடுக்கு போடுங்கள். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு, அடுக்குக்கு அடுக்கு 3.5 மிமீ, எல்லாம் சேர்ந்து 28 மிமீ. ஒன்று அரை மில்லிமீட்டர் சரிந்தாலும் வலை வழியாக அந்தக் கோணல்தான் முதலில் கண்ணில் படும். அதனால் எல்லாத் தகட்டையும் ஒரே அச்சில் வெட்டுங்கள். நடுவே கறுப்பு அட்டை வைத்து மறைக்காதீர்கள். காற்று புகுந்து போவதற்கென்றே கட்டிய வேகன், மறுபக்க வெளிச்சம் அடுக்குகளுக்கிடையில் கசிய வேண்டும்.

தடம் புரளாமல் ஓட வேகனுக்குத் தேவையான எடையை எங்கே ஒளிப்பது என்பது அடுத்த தலைவலி. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி எச்ஓ வேகனுக்கு ஒரு அவுன்சும், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்சும் வேண்டும். நாற்பதடி வேகன் 140 மிமீ, அதாவது ஐந்தரை அங்குலம். சுமார் 106 கிராம் வருகிறது. கூண்டுப் பகுதியில் வைத்தால் வெளியே தெரியும். கூரையில் வைத்தால் வளைவில் கவிழும். அடியிலுள்ள தீவனப் பெட்டிகளிலும் பராமரிப்பாளர் அறையின் தரையிலும் பித்தளை அல்லது இரும்புத் துண்டுகளை வையுங்கள். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து நிரப்பும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. காலப்போக்கில் ஈயம் அந்தப் பசையோடு வினைபுரிந்து உப்பி, பெட்டியையே பிளந்துவிடும். தெரிய வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

கோழி எத்தனை என்று கேட்டீர்கள். நாலாயிரம் வேண்டாம். வலையை ஒட்டிய முதல் வரிசை மட்டுமே தெரியும், அதிலும் கூண்டுக்கு மூன்று நான்கு போதும். எள்ளையோ ஜவ்வரிசியையோ ஒட்டச் சொல்பவர்கள் உண்டு. எள்ளின் எண்ணெய் பெயின்ட்டை உரித்துவிடும், ஜவ்வரிசிக்குப் பூச்சி வரும். எபாக்ஸி களிமண்ணை 3 மிமீ உருண்டையாக உருட்டி ஒரு முனையைக் கிள்ளிவிட்டாலே கோழி ஆகிவிடும். எல்லாவற்றையும் வெள்ளையாக அடிக்காதீர்கள். வெள்ளை பிராய்லர் பெருகியது 1950களுக்குப் பிறகு. 1930களில் பண்ணை வீடுகளிலிருந்து திரட்டிய கோழிகளில் சிவப்பு ரோட் ஐலண்டும் கறுப்பு வெள்ளை வரியோடிய பிளைமவுத் ராக்கும் வெள்ளை லெக்ஹார்னும் கலந்திருக்கும்.

நீங்கள் எடுத்துக்கொண்ட பாதை இந்த வேகனுக்கு மிகவும் பொருத்தமானது. 1935இல் ஷெக்டர் கோழி வழக்குத் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிவு செய்த கணக்கு இது: நியூயார்க்கில் விற்ற உயிர்க்கோழியில் 96 சதவீதம் வெளி மாநிலங்களிலிருந்து வந்தது, அதில் முக்கால் பங்கு ரயிலில், அந்த ரயில் சரக்கிலும் சுமார் முக்கால் பங்கு நியூயார்க் சென்ட்ரலின் மன்ஹாட்டன் முனையத்தில் இறங்கியது. ஆகவே கோழி நிறைந்த வேகன் கிழக்கு நோக்கிப் போக வேண்டும். மேற்கே திரும்பும் ரயிலில் அதே வேகன் காலியாகப் போகும். முதல் வேகனை அந்தக் காலி வேகனாகவே கட்டுங்கள். அடுக்கும் வலையும் நேராக அமைந்துவிட்டால், கோழி செய்யும் வேலையை இரண்டாவது வேகனுக்கு வைத்துக்கொள்ளலாம்.