பல வரிகளில் கிடக்கும் பந்தியை ரெஜெக்ஸால் எடுப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (மாணவி, கோண்டாவில்): ஐயா, பழைய மரண அறிவித்தல்களைத் தட்டச்சுச் செய்து ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இறுதிக்கிரியை பற்றிய பந்தியை மட்டும் எடுப்பதற்காகப் பைதன் என்ற நிரல்மொழியில் `அன்னாரின்(.*)தகவல்:` என்று ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலத்தைக் கொடுத்துத் தேடும் குறிமுறை) எழுதினேன். ஒன்றும் அகப்படவில்லை.

பதில்: ரெஜெக்ஸில் புள்ளி (`.`) எல்லா எழுத்துக்கும் பொருந்தும், வரிமுறிவுக்கு மட்டும் பொருந்தாது. உங்கள் பந்தி பல வரிகளில் கிடப்பதால், தேடல் முதல் வரியின் முடிவைத் தாண்டுவதில்லை. டொட்ஓல் (`re.DOTALL`) என்ற தெரிவைச் சேர்த்தால் தாண்டும். ஆனால் சேர்த்த உடனேயே, முதல் "அன்னாரின்" தொடங்கிக் கோப்பின் கடைசித் "தகவல்:" வரைக்கும் அத்தனையும் ஒரே துண்டாக வந்து விழும். ஏனெனில் நட்சத்திரக் குறி (`*`) இயன்றவரை நீளமாகவே எடுக்கும். அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி இட்டு `அன்னாரின்(.*?)தகவல்:` என்று எழுதினால், முதலில் எதிர்ப்படும் "தகவல்:" உடன் நின்றுவிடும்.

இதோடு நிறைவடைந்துவிடாதீர்கள். ஏதேனும் ஓர் அறிவித்தலில் "தகவல்:" விடுபட்டிருந்தால், தேடல் அடுத்த அறிவித்தலுக்குள் நுழைந்து, ஒருவருடைய கிரியை விபரத்தோடு இன்னொருவருடையதை ஒட்டிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரு குடும்பத்தின் நினைவில் நேரக்கூடாத தவறு இது. ஆகவே "மரண அறிவித்தல்" என்ற தலைப்பை வைத்து முதலில் கோப்பைத் தனித்தனியாகப் பிரித்து, பின்னர் ஒவ்வொன்றிலும் தேடுங்கள்.

கேள்வி (வாசகர், நெல்லியடி): வரித் தொடக்கத்தைக் குறிக்கும் `^` கோப்பின் முதல் வரியில் மட்டுமே வேலை செய்கிறதே?

பதில்: ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அது வேலை செய்வதற்குரிய தெரிவு மல்ரிலைன் (`re.MULTILINE`). டொட்ஓல் புள்ளியை மாற்றுவது, மல்ரிலைன் `^`, வரி முடிவைக் குறிக்கும் `$` இரண்டையும் மாற்றுவது. இரண்டும் வேறு வேறு.

கேள்வி (ஆசிரியர், சாவகச்சேரி): "பிறப்பிடமாகவும்" என்பதற்கு முன்னுள்ள ஊர்ப்பெயர்களை எடுக்கிறேன். கரவெட்டி ஏன் துண்டு துண்டாக வருகிறது?

பதில்: பின்சாய்கோட்டுடன் சிறிய டபிள்யூ எழுத்தை இட்டுத் தேடியிருப்பீர்கள். பைதனின் இயல்பான ரெஜெக்ஸ் தொகுதி, நமது உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் சொல்லின் எழுத்தாகக் கொள்வதில்லை. அதனால் கரவெட்டி "கரவ", "ட", "ட" என்று உடைகிறது. சதுர அடைப்புக்குள் ஆய்த எழுத்துத் தொடங்கி மெய்ப்புள்ளி வரையான வீச்சைக் கொடுத்தால், யூனிகோட் வரிசையில் உயிர், மெய், குறிகள் யாவும் அதற்குள் அடங்கி, ஊர்ப்பெயர் முழுதாகக் கிடைக்கும்.