தொட்டி நிறைந்தால் எங்கே போவது?

வாஷிங்டன் மாநிலத்தின் உள்கடலான பியூஜெட் சவுண்டில் படகுக் கழிப்பறைத் தண்ணீரை, சுத்திகரித்ததாகவே இருந்தாலும், வெளியே விடக்கூடாது என்ற விதி 2018 மே 10 அன்று நடப்புக்கு வந்தது. பழைய படகுக்காரர்கள் முணுமுணுத்துப் பழகிவிட்டார்கள். சியாட்டல் பக்கம் செகண்ட் ஹேண்டில் படகு வாங்கும் நம்மவர்களுக்கோ ஒவ்வொரு கோடையிலும் அது புது விதிதான். வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி (பெல்வியூ): இந்தத் தடை எதுவரை? சான் யுவான் தீவுகளும் லேக் வாஷிங்டனும் இதில் வருமா? கரையிலிருந்து மூன்று மைல் தள்ளிப் போனால் விடலாம் என்கிறாரே நண்பர்?

பதில்: இரண்டும் வரும். நியூ டஞ்சனெஸ் கலங்கரை விளக்கத்திலிருந்து டிஸ்கவரி தீவின் கலங்கரை விளக்கத்தை நோக்கி, கனடா எல்லைவரை ஒரு கோடு போடுங்கள். அதற்கு உட்பட்ட வாஷிங்டன் மாநிலக் கடல்நீர் முழுவதும் தடை எல்லை. கூடவே லேக் வாஷிங்டன், லேக் யூனியன், இவற்றைக் கடலோடு சேர்க்கும் கால்வாயும்.

நண்பர் சொல்லும் மூன்று மைல் கணக்கு வேறொரு பழைய விதி. சுத்திகரிக்காத கழிவைக் கடற்கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் எங்குமே விடக்கூடாது. 2018-க்கு முன்னும் அப்படித்தான். பியூஜெட் சவுண்டின் நடுவில் நின்று அளந்து பயனில்லை. அந்தக் கணக்கு மாநிலத்தின் வடமேற்கு முனையான கேப் ஃப்ளாட்டரிக்கு அப்பால் திறந்த கடலில்தான் செல்லும். சியாட்டலிலிருந்து அது 100 கடல் மைலுக்கும் மேல். புது விதி புதிதாகத் தடுத்தது ஒன்றைத்தான்: சுத்திகரித்து விடுவதை.

கேள்வி (எவரெட்): என் 34 அடிப் படகில் உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் கிருமி கொல்லும் கருவி இருக்கிறது. முந்தைய உரிமையாளர் ஆயிரம் டாலருக்கு மேல் போட்டு வைத்தது. அதைக் கழற்றிப் போட வேண்டுமா? நகரத்துச் சாக்கடையே கடலில் கலக்கும்போது எங்கள் ஒரு வாளித் தண்ணீர்தான் குற்றமா?

பதில்: கழற்ற வேண்டாம், தடை எல்லைக்குள் அது ஓட முடியாதபடி அடைத்து வைத்தால் போதும். எல்லைக்கு வெளியே, சுத்திகரித்து விட அனுமதி உள்ள இடங்களில், அது இன்னும் உதவும்.

உங்கள் ஆதங்கத்தில் நியாயம் உண்டு. 2017 பிப்ரவரி 9 அன்று சியாட்டலின் மேக்னோலியாவை ஒட்டிய வெஸ்ட் பாயிண்ட் சுத்திகரிப்பு நிலையம் மழைவெள்ளத்தில் உள்ளேயே மூழ்கி, சாக்கடையும் மழைநீரும் கலந்து 20 கோடி காலனுக்கு மேல் பியூஜெட் சவுண்டில் போய்ச் சேர்ந்தது. எதிர்க்கரையிலுள்ள கனடாவின் விக்டோரியா நகரமோ, 2020 இறுதியில் சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கும்வரை, வெறும் சல்லடையில் வடிகட்டிய கழிவைத்தான் நீரிணையில் விட்டுக்கொண்டிருந்தது. படகுக்காரர் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 65 அடிவரையுள்ள படகுகளில் பொருத்த அனுமதித்த முதல் வகைக் கருவிக்கு அரசு வைத்த அளவு, 100 மில்லி தண்ணீரில் மலக்கிருமி 1,000-க்கு மேல் போகக்கூடாது என்பது. சிப்பி எடுத்து உண்ணும் நீருக்கு வைத்த சராசரி அளவு, அதே 100 மில்லியில் 14. கருவி பழுதில்லாமல் ஓடினாலும் சட்டத்தின் கணக்கில் இடைவெளி எழுபது மடங்கு. நகரக் குழாயின் வாய் ஆழத்தில், ஓட்டமுள்ள இடத்தில் இருக்கும். நாம் நங்கூரம் போடுவதோ காற்றடங்கிய சின்ன விரிகுடாவில், சிப்பிப் படுகைக்கு மேலேயே. நீண்ட வார இறுதியில் அங்கே இருபது படகு நிற்கும், தண்ணீரோ மெதுவாகத்தான் மாறும். நகரத்தின் தப்பு நகரத்தின் தப்புதான். அதனால் இந்தக் கணக்கு மாறாது.

கேள்வி (கெர்க்லண்ட்): கழிவைத் தொட்டிக்கோ வெளியேயோ திருப்பும் ஒய் வால்வை, கழிவு சேரும் டேங்க் பக்கம்தான் திருப்பி வைத்திருக்கிறேன். கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) ஏறிப் பார்த்தால் அது போதாதா?

பதில்: போதாது. பலர் மாட்டுவது இங்கேதான். வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கேள்வியே இல்லை. தெரியாமல் கைபட்டுக்கூடத் திரும்பக் கூடாது. டேங்க் உள்ள படகுக்குச் சட்டம் ஒப்புக்கொள்ளும் வழிகள் மூன்று: வெளியே போகும் வழியிலுள்ள வால்வை மூடி அதன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிடுவது, மூடிய நிலையில் பூட்டுப் போடுவது, அல்லது ஒருமுறை இழுத்தால் அவிழ்க்க முடியாத கேபிள் டை போட்டு இறுக்குவது. சுத்திகரிப்புக் கருவி மட்டும் உள்ள படகானால் கழிப்பறைக் கதவையே பூட்டி வைப்பதும் செல்லும். பயணத்தில் குழந்தைகள் இருந்தால் அந்த வழி சரிப்படாது என்று சொல்லத் தேவையில்லை.

நைலான் டை மலிவு, ஆனால் கட்டும் விதம் முக்கியம். சீகாக்கின் (குழாய் கடலோடு சேரும் வழியை மூடும் வால்வு) கைப்பிடி கால் வட்டம் திரும்பினால் திறந்துவிடும். டையைக் கைப்பிடியில் மட்டும் சுற்றி அழகுக்கு விட்டால் பயனில்லை. கைப்பிடி நுனியிலுள்ள துளை வழியாக நுழைத்து, பக்கத்தில் அசையாத ஒன்றோடு, அதாவது வால்வின் உடம்போடோ மரச்சட்டத்தோடோ, சேர்த்து இழுங்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அரை அங்குலம் ஆடினால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். அழுத்தினால் அவிழும் நாக்கு உள்ள டையை வாங்கி ஏமாறாதீர்கள். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் தொங்கும்.

கேள்வி (ரெட்மண்ட்): 20 காலன் டேங்க். நாங்கள் நால்வர். வார இறுதிக்குத் தாங்குமா?

பதில்: 20 காலன் என்றால் 75 லிட்டர். மேல்வரை நிரப்பக் கூடாது, எனவே 60 லிட்டர் என்று வையுங்கள். கைப்பம்ப் டாய்லெட்டில் ஒரு தடவைக்கு 2 லிட்டர், ஆளுக்கு நாளில் ஆறு தடவை, நால்வருக்கு 48 லிட்டர். வெள்ளி மாலை கிளம்பினால் சனி இரவு விளிம்பில் நிற்பீர்கள்.

சிறுநீருக்கு 1 லிட்டர், மற்றதற்கு இரண்டரை என்று பழகினால் அதே கணக்கு நாளுக்கு 30 லிட்டராக இறங்கும். இரண்டு நாள் ஓடும். இதற்கும் கீழே குறைக்காதீர்கள். ஒன்றரை அங்குல ஹோஸ் ஒரு மீட்டருக்கு 1 லிட்டருக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கும். தண்ணீர் குறைந்தால் கழிவு டேங்க் போய்ச் சேராமல் ஹோஸிலேயே நின்று ஊறும். பட்டன் அமுக்கும் மின்சார டாய்லெட்டானால் விரலை எடுக்க மறப்பவர்தான் டேங்கை நிரப்புபவர். விருந்தாளிகளுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி (டகோமா): கழிவு டேங்கை உறிஞ்சிக் காலி செய்யும் பம்ப்-அவுட் நிலையத்தில் பாதி உறிஞ்சியதும் நின்றுவிடுகிறது. மோட்டார் ஓடுகிறது, எதுவும் வருவதில்லை. ஏன்?

பதில்: முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்கின் காற்றுக்குழாயை. உறிஞ்சும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். படகின் பக்கவாட்டில் சின்னத் துளையாகத் தெரியும் வென்ட், முன்பொரு நாள் டேங்க் நிரம்பி வழிந்தபோது ஏறிய கசடு காய்ந்து அடைத்திருக்கும். அப்படியே விடாமல் இழுத்தால் பிளாஸ்டிக் டேங்கின் சுவர் உள்ளே குழியும், சில சமயம் தையல் பிளக்கும். சோதிப்பது எளிது: வேறொருவரை டாய்லெட் பம்பை அடிக்கச் சொல்லிவிட்டு வென்ட் வாயில் கையை வையுங்கள். காற்று தள்ளுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தோட்டக் குழாயை வென்ட் வாயில் வைத்து உள்நோக்கித் தண்ணீர் விடுங்கள், டேங்கில் இடம் இருக்கும்போது மட்டும். படகு கழுவும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் அடைப்பே வராது. வென்ட்டில் நாற்றத்துக்கு ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். ஒருமுறை நனைந்தால் அது தக்கைதான்.

வென்ட் சரியாக இருந்தும் நின்றால், பம்ப் டேங்கிலிருந்து அல்ல, வெளியிலிருந்து காற்றை இழுக்கிறது. டெக்கிலுள்ள கழிவுத் துளையில் பம்ப் குழாயின் நுனியை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் கூம்பு தேய்ந்திருக்கும். மரை போட்டு இறுகும் அடாப்டர் ஒன்றை உங்கள் படகிலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை, கையிலும் தெறிக்காது.

வரிசை இதுதான். கையுறை. மூடியில் கழிவு என்று பொறித்திருப்பதைப் படித்துத் திறப்பது (குடிநீர், டீசல் மூடிகளும் அதே வட்டம், அதே சாவி). பம்ப் குழாயின் நுனியை இறுக்கிவிட்டு, பிறகு அதன் வால்வைத் திறப்பது. கண்ணாடிக் குழாயில் தெளிந்து வரும்வரை காத்திருப்பது. டேங்கில் 15 முதல் 20 லிட்டர் தண்ணீர் விட்டு, மறுபடி உறிஞ்சுவது. அடியில் பசை போல் படிவது இந்த இரண்டாம் சுற்றில்தான் போகும். வால்வை மூடிய பிறகே கழற்றுவது. அங்கே கழுவ வைத்திருக்கும் குழாயில் குடிநீர் டேங்கை நிரப்பிவிடாதீர்கள். பலர் கைபட்ட குழாய் அது. பியூஜெட் சவுண்டைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உண்டு, பல இலவசம். ஞாயிறு மாலை வரிசை நீளும். சனி காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி (பெயின்பிரிட்ஜ்): டேங்க் காலி, ஆனாலும் கேபினில் நாற்றம். மனைவி படகுக்கு வர மறுக்கிறார்.

பதில்: அவரிடமே ஒன்று கேளுங்கள்: அழுகிய முட்டை வாடையா, கழிவு வாடையா?

வந்ததும் முதல் தடவை அடிக்கும்போது முட்டை வாடை எழுந்து பிறகு அடங்கினால், குற்றவாளி டேங்க் அல்ல, கடல்நீர். ஒரு வாரம் ஹோஸில் தேங்கிய கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகிய வாடை அது. கிளம்பும் முன் குடிநீரால் அலசிவிட்டுப் போங்கள். பல படகுகளில் வாஷ்பேசின் வடிகுழாயை டாய்லெட்டின் உறிஞ்சுகுழாயோடு இணைத்திருப்பார்கள். அப்படியானால் சீகாக்கை மூடி, பேசினில் நல்ல தண்ணீர் நிரப்பி, டாய்லெட்டை அடித்தால் உறிஞ்சும் பக்கமும் அலசப்படும்.

எப்போதும் இருக்கும் கழிவு வாடையானால் ஹோஸைச் சோதியுங்கள். துணியை வெந்நீரில் நனைத்து ஹோஸைச் சுற்றி வைத்து, ஆறியதும் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை ஏறியிருந்தால் ரப்பருக்குள்ளேயே ஊறிவிட்டது. மாற்றுவது தவிர வழியில்லை. கழிவு தேங்கும் தாழ்வான வளைவில்தான் முதலில் ஊறும். கிண்ணத்தில் பழுப்புத் தண்ணீர் தானாகத் திரும்பி வந்தால், கழிவு திரும்பாமல் தடுக்கும், வாத்து மூக்குப் போன்ற ஜோக்கர் வால்வு தளர்ந்துவிட்டது; சின்ன ரப்பர் துண்டு, வருடம் ஒன்று மாற்றுங்கள். உப்புப் படிவு கரைய வாரம் ஒரு கப் வெள்ளை வினிகர் போதும். பிளீச் ஊற்றாதீர்கள், அந்த ரப்பர் விறைத்துப்போகும். டேங்கில் போடும் நீல மருந்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தால் வாங்காதீர்கள். கரையில் கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொல்கிறது.

கேள்வி (சமாமிஷ்): பாத்திரம் கழுவும் தண்ணீர், என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் மத்திய அரசின் பெர்மிட் வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்களே?

பதில்: பழைய பயம். 2006-இல் கலிபோர்னியாவில் ஒரு மத்திய நீதிமன்றம், படகுகளின் சாதாரணக் கழிவுநீருக்கு நீண்டகாலமாக இருந்த பெர்மிட் விலக்கை ரத்து செய்தது. சின்னப் படகுகளும் மாட்டிக்கொள்ளும் நிலை. 2008 ஜூலை இறுதியில் சுத்தமான படகுப் பயணச் சட்டம் கையெழுத்தாகி, பொழுதுபோக்குப் படகுகளுக்கு அந்தப் பெர்மிட் வேண்டாம் என்று ஆனது. பியூஜெட் சவுண்ட் தடையும் கழிப்பறைக் கழிவுக்கு மட்டும்தான். சிங்க் தண்ணீரும் குளியல் தண்ணீரும் அதில் இல்லை. ஆனால் வறுத்த எண்ணெயும் குழம்பு மிச்சமும் வேறு. பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

கேள்வி (ஒலிம்பியா): படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடியதும் பக்கத்தில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. பாத்திரச் சோப்பு ஊற்றினால் மறைந்துவிடும் என்றார் ஒருவர்.

பதில்: மறையும், அது சட்டவிரோதமும்கூட. சோப்பு எண்ணெயை அழிப்பதில்லை, துளிகளாக உடைத்து அடிக்கு இறக்குகிறது. தேசிய அவசர எண் 1-800-424-8802-இல் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பில்ஜ் பம்பை நிறுத்தி (தண்ணீர் ஏறாதவரை), எண்ணெய் மட்டும் குடிக்கும் வெள்ளை விரிப்பை என்ஜினுக்கு அடியில் போட்டு வையுங்கள். 26 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில் எண்ணெய் கொட்டத் தடை என்ற அறிவிப்புப் பலகை என்ஜின் அறையில் இருக்க வேண்டும். பழைய படகில் பெயர்ந்து விழுந்திருக்கும், பாருங்கள்.

கேள்வி (பெல்லிங்ஹாம்): கனடா பக்கம் போகிறோம். டையை வெட்டிவிடலாமா?

பதில்: அங்கே விதி வேறு, ஆனால் கட்டவிழ்த்துவிட்ட ஊர் அல்ல. மான்டேகு ஹார்பர், ப்ரிடோ ஹேவன் போன்ற விரிகுடாக்களில் கழிவு விடத் தடை. டையை அப்படியே விட்டு, அங்குள்ள பம்ப்-அவுட்டைத் தேடுவதே நிம்மதி. வெட்டினால், எல்லை திரும்பும் முன் புது டை. பத்து டை படகில் இருக்கட்டும்.

கேள்வி (ரென்டன்): எங்களுடையது 19 அடி. தூக்கிச் செல்லும் டாய்லெட்தான். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: படகோடு பொருத்தாததால் வால்வு, டை விதிகள் இல்லை. தண்ணீரில் கொட்டுவது மட்டும் உங்களுக்கும் தடைதான். மெரினாவில் அதற்கென உள்ள கொட்டும் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். சாய்க்கும்போது மேலுள்ள காற்றுப் பட்டனை அழுத்திக்கொண்டே சாய்த்தால் குபுகுபுவென்று தெறிக்காது.