‘எ ஹாலோகிராம் ஃபார் தி கிங்’ வெறும் நகைச்சுவைப் படமா?

சிரிப்பு உண்டு, ஆனால் கனமான கதை. டாம் டிக்வர் இயக்கி 2016இல் வந்த படம். டாம் ஹாங்க்ஸ் நடித்த ஆலன் கிளே, விவாகரத்தாகி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கே திணறும் அமெரிக்க விற்பனையாளர். சவூதி மன்னருக்கு ஹாலோகிராம், அதாவது முப்பரிமாண ஒளியுருவம் காட்டும் தொழில்நுட்பத்தை விற்கப் போகிறார். பாலைவனத்தில் பாதி எழும்பிய நகரம், வைஃபை கிடைக்காத கூடாரம், தள்ளிக்கொண்டே போகும் மன்னரின் வருகை. அந்தக் காத்திருப்பில்தான் சிரிப்பெல்லாம். ஓட்டுநர் யூசுஃபுடன் வரும் கார் காட்சிகள் அருமை!

என்னை உலுக்கியது வேறு. ஒரு காலத்தில் ஷ்வின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சைக்கிள் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றி, பலரின் வேலை பறிபோகக் காரணமானவர் ஆலன். கடைசியில் இந்த ஒப்பந்தமும் சீன நிறுவனத்துக்கே போகிறது. மருத்துவர் ஸஹ்ராவுடனான காதல் கொஞ்சம் அவசரம்தான்; சரிதா சௌத்ரியின் நடிப்புதான் அதை நம்ப வைக்கிறது.