காக்னிட்டிவ் சயின்ஸ் என்பது உளவியலுக்கு வைத்த புதுப்பெயரா?

இல்லை, ஆனால் உளவியல் இல்லாமலும் இல்லை; மனம் எப்படி வேலை செய்கிறது என்று பல துறைகள் சேர்ந்து தேடும் துறை அது. சனிக்கிழமை சாயங்காலம் ரங்கநாதன் தெருவில், கடைக்காரர்களின் கூவலுக்கும் தள்ளுமுள்ளுக்கும் நடுவே யாரோ உங்கள் பெயரைச் சொன்னால் சட்டெனத் திரும்புகிறீர்கள் அல்லவா, அதுவரை எதையும் கவனிக்காத காது அதை மட்டும் எப்படிப் பிடித்தது? கவனம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று உளவியல் சோதிக்கும் (1953-லேயே காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்), நரம்பியல் அதை மூளையில் தேடும், மொழியியல் ஒலி எப்படிச் சொல்லாகிறது என்று பார்க்கும், கணினிக்காரர்கள் எல்லாவற்றையும் நிரலாக எழுதிப் பார்ப்பார்கள். தத்துவம், மானுடவியலும் உண்டு. 1956 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மில்லர், மொழியியலாளர் சாம்ஸ்கி, கணினி நிரலில் சிந்தனையை ஆராய்ந்த நியூவெல், சைமன் எல்லாம் பேசிய கூட்டத்தைத்தான் இந்தத் துறையின் தொடக்கம் என்பார்கள். மனம் தகவலை எப்படிக் கையாளுகிறது என்பதுதான் பொதுக் கேள்வி. உணர்ச்சி, உடல் பக்கம் இந்தத் துறைக்காரர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார்கள், அது என் மனக்குறை.