தவக்காலத்தில் ஆர்கன் வாசிக்கலாமா?

கேள்வி இது: ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோவில்களில் ஆர்கன் கூடாது என்கிறார்களே, அப்படியென்றால் மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழாவில் மட்டும் எப்படி முழங்குகிறது?

பாடலுக்குத் துணையாக எப்போதும் வாசிக்கலாம். தனித்து வாசிக்கத்தான் தடை. அதற்கும் விலக்கு உண்டு: தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள். மார்ச் 19-ம், மங்கள வார்த்தைப் பெருவிழாவான மார்ச் 25-ம் இதில் அடங்கும். அன்று ‘குளோரியா’ எனப்படும் புகழ்ப்பாடலான வானவர் கீதமும் உண்டு. அல்லேலூயா மட்டும் கிடையாது.

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் கீதத்தோடு மணிகள் ஓய்ந்துவிடும். அதன்பின் ஆர்கன் துணைக்கு மட்டுமே. பல கோவில்களில் அதுவும் இல்லாமல், பாடகர் குழு வெறும் குரலிலேயே பாடும். அப்போதுதான் நான்கு குரல்களும் தனித்தனியாகக் காதில் விழும். ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்து, பீடத்து மெழுகுதிரிகளை ஏற்றியதும் குருவானவர் வானவர் கீதத்தைத் தொடங்குவார். மணியும் ஆர்கனும் ஒன்றாக எழும். ஆண்டு முழுவதும் இதற்கு ஈடான இசைத் தருணம் வேறில்லை என்பேன்.

உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) திருப்பலியில் நற்செய்திக்கு முன் பாடும் தொடர்பாடல் ‘விக்டிமே பாஸ்காலி’, 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாரிஸின் செயின்ட் க்ளோடில்ட் ஆலய ஆர்கன் கலைஞர் ஷார்ல் தூர்னமீர் அதன் மெட்டை எடுத்து மனோதர்மமாக வாசித்தது இசைத்தட்டில் பதிவானது. இன்னொரு ஆர்கன் கலைஞரான மோரிஸ் துரூஃப்ளே அந்தப் பதிவைக் கேட்டே சுரம் சுரமாக எழுதினார், 1958-ல் அச்சானது. முதலில் பாடலைக் கேளுங்கள், பிறகு இதை. மெட்டு எங்கெல்லாம் ஒளிந்து வருகிறது என்பது பிடிபடும்.