தீபாவளி ஓப்பன் ஹவுஸில் ஷார்குட்டரி பலகை: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் தோட்டப் பக்கத்து வீடுகளில், தீபாவளிக்கு எல்லாரையும் வரவேற்று விருந்து வைக்கும் ஓப்பன் ஹவுஸில் முறுக்குத் தட்டோடு ஷார்குட்டரி பலகையும், அதாவது சீஸும் சலாமி, ஹாம் போன்ற பதப்படுத்திய குளிர் இறைச்சியும் அடுக்கிய பலகையும், வைக்கும் ஆசை பரவியிருக்கிறது. ஹோட்டல் சமையலறையில் குளிர் பதார்த்தம் பார்ப்பவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன.

அண்ணே, 20 பேர் வருவாங்க. எவ்வளவு வாங்கணும்?

பின்னால் சோறும் மட்டன் பிரட்டலும் உண்டா? உண்டென்றால் ஆளுக்கு 50 கிராம் இறைச்சி, 50 கிராம் சீஸ். 20 பேருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ வரும். அதுவே தாராளம். அதிரசமும் நெய் உருண்டையும் மேசையில் இருக்கும்போது சீஸைத் தேடுகிறவர் குறைவுதான். செடார், கௌடா, ஒரு மென்மையான சீஸ் என்று மூன்று வகையோடு நிறுத்துங்கள்.

ஸ்கூல்ல கூட வேலை செய்ற மலாய் டீச்சருங்க வர்றாங்க. பன்றி சலாமிய ஒரு ஓரமா வைக்கலாமா?

வேண்டாம்மா. ஓரமாக வைத்தாலும் பலகை ஒன்று, கத்தி ஒன்று. அவர்கள் மரியாதைக்கு ஒரு முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், உங்களுக்கே மனசு கேட்காது. ஐரோப்பிய ஹாம், புரொஷூட்டோ, சலாமி பெரும்பாலும் பன்றிதான். மாட்டிறைச்சி வைத்தால் நம்மவர்களில் பாதிப்பேர் தொட மாட்டார்கள். மிச்சம் கோழி, வான்கோழி, வாத்து, ஆடு. கோழி பெப்பரோனி, வான்கோழி ஸ்லைஸ், புகையூட்டிய வாத்து நெஞ்சுக்கறி மூன்றும் ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் முத்திரையோடு பேரங்காடியில் கிடைக்கும். வாத்தை மெல்லிசாகச் சீவி விசிறி மாதிரி விரித்து வைத்தால் பலகைக்கே களை வந்துவிடும். சீஸிலும் முத்திரை பாருங்கள். பன்றி வெட்டிய பழைய மரப்பலகையை எடுக்காதீர்கள், புதிது வாங்கிவிடுங்கள்.

மாமியார் கந்த சஷ்டி விரதம். சீஸ் சைவம்தானே?

எல்லாம் இல்லை. பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னட்டைச் சில சீஸ்களுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிறார்கள். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு அது கட்டாயம். உறையில் நுண்ணுயிர் ரென்னட் என்றோ சைவம் என்றோ இருந்தால் வாங்கலாம். எலுமிச்சை பிழிந்து வீட்டிலேயே திரித்த பன்னீரில் இந்தச் சந்தேகமே இல்லை. தீபாவளி முடிந்த கையோடு சஷ்டி தொடங்கிவிடுவதால் அந்த வாரம் ஓப்பன் ஹவுஸ் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இறைச்சிப் பலகையின் மூலையில் சைவத்தை ஒதுக்காதீர்கள், தனித் தட்டில் வையுங்கள். என்ன சாப்பிடுவது என்பதை மாமியாரே முடிவு செய்யட்டும்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு வச்சா ராத்திரி வரைக்கும் தாங்குமா?

தாங்காது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும். வெளியே வைத்த இறைச்சிக்கும் மென்மையான சீஸுக்கும் இரண்டு மணி நேரம்தான் கெடு. வெக்கை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். நம்ம ஊரில் வாசலில் கூடாரம் போட்டு விருந்து வைத்தால் ஒரு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். பெரிய பலகையை ஒரேயடியாக நிரப்பாமல் சின்னத் தட்டுகளாகக் குளிர்பெட்டியில் தயாராக வைத்து, காலியாகக் காலியாக மாற்றுங்கள். சீஸை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுக்கச் சொல்வது குளிர்நாட்டுக் குறிப்பு. இங்கே கால் மணி நேரம் போதும். பிஸ்கெட் நமுத்துப் போகும், கடைசியாக எடுத்து வையுங்கள்.

பாட்டி காலத்து உப்புக்கண்டம் போடலாமா தம்பி?

கேட்டதும் நாக்கில் ஊறுகிறது, அக்கா! உப்பிட்டு உலர்த்தி இறைச்சியைக் காப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டிக் கயிற்றில் கோத்து உலர்த்துவார்கள். ஆனால் தீபாவளி சமயம் இங்கே சாயங்காலமானால் இடி மழை. வெயில் சரியாகக் கிடைக்காமல் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பூத்ததைக் கழுவிப் பொரிப்பது என்ற பேச்சே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். நம்பிக்கையான இடத்தில் ஒழுங்காகக் காய்ந்தது கிடைத்தால் வாங்கி, எண்ணெயில் பொரித்து, இடித்து உதிர்த்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். என் கணக்கில் எந்த சலாமியும் அதன் பக்கத்தில் நிற்காது.

மக மாசமா இருக்கா. சாப்பிடலாமா?

பிரீ, காமெம்பெர் போன்ற மென்மையான சீஸும் குளிரான இறைச்சித் துண்டும் வேண்டாம். லிஸ்டீரியா கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். பாஸ்டரைஸ் செய்த செடார் கொடுக்கலாம். இறைச்சி என்றால் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள்.

திராட்சை, ஸ்ட்ராபெரி விலை கட்டுப்படியாகல. நம்ம ஊர்ப் பழம் போதுமா?

பேராக்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? தம்புன் பம்பளிமாஸ் சுளையின் புளிப்பு வாத்தின் கொழுப்புக்குச் சரியான ஜோடி. பிடோர் கொய்யாவும் மெங்லெம்பு கடலையும் பக்கத்தில் இருக்கட்டும். மாங்காய் ஊறுகாயை எண்ணெய் வடித்து வையுங்கள், செடாரோடு அருமை. நட்சத்திரப் பழம் பார்க்க அழகுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது விஷம். டயாலிசிஸ் போகிற பெரியவர் யாராவது வருவார் என்றால் அதை வாங்கவே வாங்காதீர்கள்.

பலகை எந்த மரத்துல வாங்குறது?

பால்மர (ரப்பர் மர)ப் பலகையே போதும். பால் குறைந்து வெட்டிய மரத்தில் செய்வது, விலையும் மலிவு. வாங்கியதும் உணவுக்கு உகந்த மினரல் ஆயில் தடவுங்கள். சமையல் எண்ணெய் தடவினால் சிக்கு வாடை அடிக்கும். பலகையைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, கழுவியதும் துடைத்து நிற்க வைத்துக் காய விடுங்கள்.