30 சட்டையும் விற்றுப்போனது, காசு எங்கே?

கேள்வி: சொந்தமாக ஒரு சிறிய ஆடை லேபிள் நடத்துகிறேன். டிசைன், கட்டிங், தையல் எல்லாம் நானே. போன முறை 30 சட்டைகள் போட்டேன், எல்லாம் விற்றுவிட்டன. கணக்குப் பார்த்தால் அடுத்த ரோல் துணி வாங்கத்தான் காசு இருக்கிறது. மலிவான துணிக்கு மாறட்டுமா, இல்லை ஒரேயடியாக 100 சட்டை தைத்துவிடட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அடக்க விலையை மறுபடி போட்டுப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலில் துணி, நூல், பொத்தான், பார்சல் பை எல்லாம் இருக்கிறது. தையல் கூலி மட்டும் இல்லை. வேறொருவர் தைத்திருந்தால் கூலி கொடுக்காமல் அனுப்பியிருப்பீர்களா? அடுத்த சட்டையைத் தைக்கும்போது பக்கத்தில் கடிகாரத்தை வையுங்கள். வெட்டுவது, தைப்பது, காஜா போடுவது, இஸ்திரி, படம் எடுப்பது, "எனக்கு எந்த அளவு சரியாக இருக்கும்" என்று கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவது எல்லாமே நேரம்தான். பேட்டர்ன் (துணி வெட்டும் அச்சு) சரியாக வரும்வரை தைத்து ஒதுக்கிய மாதிரிகளின் செலவையும் அந்த 30 சட்டைகள்தான் சுமக்க வேண்டும்.

நாளைக்கு ஒரு கடையில் வைக்க ஆசை இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. கடைக்காரர்கள் பொதுவாக வாங்கிய விலையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கித்தான் விற்பார்கள். நீங்கள் நேரடியாக விற்கும் விலையில் பாதியைக் கடை கொடுத்தாலும் கூலியும் கொஞ்சம் லாபமும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இப்போதைக்குக் கடைப் பக்கம் போகாதீர்கள்.

மலிவுத் துணியைத் தைக்கவும் அதே நேரம்தான் பிடிக்கும். மிச்சமாவது கொஞ்சம், சாயம் போய்த் திரும்பி வரும் ஒரு சட்டை அதைத் தின்றுவிடும். சேமிக்க வேண்டுமென்றால் துணி வாங்கும் இடத்தில் கண்ணை வையுங்கள். மீட்டர் விலையை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. 110 செ.மீ. அகலத் துணியும் 150 செ.மீ. அகலத் துணியும் ஒரே மீட்டர் விலை என்றால், இரண்டாவதில் 36 விழுக்காடு கூடுதல் துணி கிடைக்கிறது. பேட்டர்ன் துண்டுகளைத் தரையில் பரப்பி, எந்த அகலத்தில் கழிவு குறைகிறது என்று பார்த்துவிட்டு ரோலைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நிறம் வேண்டுமானால் மொத்தத்தையும் ஒரே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணியாக, வாங்குங்கள். அடுத்த லாட்டின் நீலம் இதே நீலமாக இருக்காது. உடம்பும் கையும் இரண்டு நிறத்தில் வந்தால் யாருக்கு விற்பது?

வெட்டுவதற்கு முன் சோதனை கட்டாயம். துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்றைக் குறித்து, வாங்குபவர் துவைப்பதுபோலவே மூன்று முறை துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நீளவாக்கில் 47.5 ஆகியிருந்தால் 5 விழுக்காடு சுருக்கம். 70 செ.மீ. நீளச் சட்டையில் அது 3.5 செ.மீ. பாவுப் பக்கமும் (நீளவாக்கு) ஊடைப் பக்கமும் (அகலவாக்கு) ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஆலைகளின் மிச்சத் துணி மலிவாகக் கிடைக்கும். சிறிய லேபிளுக்கு நல்லதுதான். ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். "பருத்தி" என்று சொல்லி விற்பதை ஒரு நூலிழை எரித்துச் சோதியுங்கள்: பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். கலப்பு நூலில் இந்தச் சோதனை குழப்பும், அதையும் நினைவில் வையுங்கள்.

100 சட்டை யோசனையைப் பொறுத்தவரை: 5 அளவு, 3 நிறம் என்றாலே 15 வகை. நடு அளவுகள் முதலில் காலியாகும், ஓரத்து அளவுகள் அலமாரியில் காசாக உறங்கும். ஒரே நிறத்தில் 30 போடுங்கள். ஓரத்து அளவுகளை ஆர்டர் வந்தபின் தையுங்கள். விலையை ஏற்றினால் பழைய வாடிக்கையாளர்களில் சிலர் போவார்கள். போகட்டும், நஷ்டத்தில் தைத்துக் கொடுப்பதைவிட அது மேல்.

கேள்வி: இப்படி ஒரு சிறு லேபிளில் முன்பணம் கட்டி ஆர்டர் கொடுத்தேன். நான்கு வாரம் ஆகும், திருப்பித் தர முடியாது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஆர்டர் வந்தபின் தைப்பவருக்கு நான்கு வாரம் அதிகமில்லை. திருப்புதலில் மட்டும் கவனம். உங்கள் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததை மனம் மாறித் திருப்ப முடியாது என்பது நியாயம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திலும் அப்படித்தான். தையல் பிரிந்தோ, சொன்ன அளவுக்கு மாறாகவோ வந்தால் "திருப்ப முடியாது" என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த வேறுபாட்டை அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இதுபோன்ற லேபிள்கள் போட்டுக்கொள்ளும் பெயர்களையும் சான்றுகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நிதானமாக, நீடித்து உழைக்கும்படி ஆடை செய்வதைக் குறிக்கும் "ஸ்லோ ஃபேஷன்" என்ற சொல்லை 2007-இல் கேட் ஃப்ளெட்சர் என்ற ஆய்வாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அது தரச்சான்று அல்ல, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்று என்றால் தீங்கான ரசாயனங்களுக்குச் சோதித்த துணி என்று பொருள், இயற்கை வேளாண் பருத்தி என்று அல்ல. அதற்கு காட்ஸ் (GOTS) என்ற வேறு சான்று இருக்கிறது. அதிலும் குறைந்தது 70 விழுக்காடு இயற்கை வேளாண் இழை இருந்தால் போதும். "மூங்கில் துணி" என்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது கூழை ரசாயனத்தில் கரைத்து எடுக்கும் இழை.

சான்றுகளைவிட எனக்கு நம்பிக்கை தருவது, ஆடையின் அளவுகளைச் செ.மீ. கணக்கில் போடுவதும், உள்பக்கத் தையலின் படத்தைக் கேட்டவுடன் அனுப்புவதும், யார் தைத்தார்கள் என்று தயங்காமல் சொல்வதும். பணம் இன்னும் முழுதாகக் கட்டவில்லை என்றால் இவற்றை இன்றைக்கே கேளுங்கள்.